சிறு பிள்ளைகளுக்கு உற்பத்தியாளர், நுகர்வோர்: எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது

"புல் உற்பத்தியாளர், மாடு நுகர்வோர்" என்று ஒரு பிள்ளை கடகடவென ஒப்பித்துவிடும். "சரி, புல் எதைத் தின்னும்?" என்று கேட்டுப் பாருங்கள். "மண்ணை" என்று அதே பிள்ளை சொல்லும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பெயரை முதலில் கொடுத்து, பொருளை அப்புறம் விளக்கியதுதான் காரணம். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிர். பெயர் நான்காவது படியில்தான் வருகிறது.

ஆறு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவசரப்பட்டு இரண்டு படிகளை ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம்.

1. மூன்று வாரம் முன்பே செய்ய வேண்டியவை

மூன்று கோப்பைகள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோப்பையில் மண், இரண்டாவதிலும் அதே மண், மூன்றாவதில் ஈரப் பஞ்சு. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பயறு விதைகளைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். முதல் கோப்பையும் மூன்றாவது கோப்பையும் சன்னல் ஓரத்தில் இருக்கட்டும். இரண்டாவதை அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். மூன்றும் காயாமல் தண்ணீர் விட வேண்டும்.

எதற்காக இதைச் செய்கிறோம் என்று இப்போது சொல்லாதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று கோப்பைகளையும் வரைந்து தேதி போடச் சொன்னால் போதும். அந்தப் படங்கள் மூன்றாவது படியில் தேவைப்படும்.

பாடத்துக்குப் பத்து நாள் முன்பு, வெயிலில் இருக்கும் தொட்டிச் செடியின் ஒரு இலையில் கறுப்புத் தாள் பட்டை ஒன்றை மேலும் கீழுமாகச் சுற்றி கிளிப் மாட்டிவிடுங்கள். இலை செடியிலேயே இருக்க வேண்டும், பறிக்கக் கூடாது.

இவை தவிர ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு கம்பளி நூல்கண்டு, அளவுக் குவளை, உயிரினங்களின் படம் ஒட்டிய பதினைந்து அட்டைகள். அட்டையில் பெயர் மட்டும் இருக்கட்டும். "தாவர உண்ணி", "ஊன் உண்ணி" என்று எதையும் எழுதி வைக்காதீர்கள். எழுதிவிட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் அதையே படித்துவிடுவார்கள்.

2. தட்டில் இருந்து பின்னோக்கிக் கேளுங்கள்

பாடத்தின் உண்மையான தொடக்கம் இதுதான். பிள்ளை இன்று சாப்பிட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பால் என்று வைத்துக்கொள்வோம். பால் எங்கிருந்து வந்தது? மாட்டிடம் இருந்து. மாடு எதைத் தின்றது? புல்லை. முட்டை? கோழியிடம் இருந்து. கோழி எதைத் தின்றது? தானியத்தையும் புழுவையும். புழு? இலையை.

ஐந்தாறு உணவுகளுக்கு இப்படிக் கேட்டுக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். எல்லா வரிசையும் பச்சையான ஏதோ ஒன்றில் போய் நின்றுவிடும். இதை நீங்கள் சொல்லக் கூடாது. "எல்லாம் எங்கே முடிகிறது பார்" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை "எல்லாம் செடியிலதான் முடியுது" என்று சொல்லும். அந்த வாக்கியம் பிள்ளையின் வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள், பாதிப் பாடம் அதற்குள் இருக்கிறது.

இங்கே இரண்டு இடறல்கள் வரும். ஒன்று உப்பு. "உப்பு எந்தச் செடியிலிருந்து?" என்று கேட்பார்கள். உப்பு உயிரற்ற தாது. உடம்புக்குத் தேவைதான், ஆனால் ஓடவும் வளரவும் வேண்டிய ஆற்றல் அதில் இல்லை. தண்ணீரும் அப்படியே. இரண்டையும் பலகையின் ஓரத்தில் தனிக் கட்டம் போட்டு வையுங்கள், பின்னால் உதவும்.

இன்னொன்று காளான். அதைச் செடி என்று பிள்ளைகள் சொல்வார்கள். இப்போது திருத்தப் போனால் பேச்சு திசைமாறும். ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டு நகருங்கள்.

3. "அப்போ செடி எதைத் தின்னும்?"

இந்தப் படிக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கடினம், இதில் ஓட்டை விட்டால் மேலே கட்டுவது எதுவும் நிற்காது.

பிள்ளைகளின் பதில் பெரும்பாலும் "மண்", "தண்ணீர்", "உரம்" என்றுதான் இருக்கும். அது முட்டாள்தனமான பதில் இல்லை. வேர் மண்ணுக்குள் போகிறது, நாம் உரம் போடுகிறோம், செடி வளர்கிறது. கண்ணால் பார்த்ததை வைத்து அவர்கள் சொல்கிறார்கள். அதனால் கண்ணால் பார்ப்பதை வைத்துத்தான் மாற்றவும் முடியும்.

மூன்று கோப்பைகளையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். முதலில் பஞ்சுக் கோப்பை. மண்ணே இல்லை, ஆனால் இலை பச்சையாக விரிந்திருக்கும். "மண் இல்லாமல் இது எதைத் தின்றது?" என்று கேளுங்கள். அடுத்து அலமாரிக் கோப்பை. மண் நிறைய இருக்கிறது, தண்ணீரும் விட்டோம். ஆனால் தண்டு வெளிறி, மடங்கி விழுந்து கிடக்கும். மண்தான் சாப்பாடு என்றால் இது ஏன் பட்டினியில் சாகிறது?

இந்த இடத்தில் அவர்களை விட்டுவிடுங்கள். வாதாடட்டும்.

இதில் நான் பார்த்த பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலர் ஒரு வாரத்திலேயே கோப்பைகளைக் காட்டிவிடுகிறார்கள். அப்போது இருட்டில் இருக்கும் நாற்றுதான் உயரமாக இருக்கும்! வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் நீண்டுகொண்டே போகும். பிள்ளைகள் அளந்து பார்த்துவிட்டு "இருட்டில்தான் நன்றாக வளருது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவை அப்புறம் அழிப்பது பெரும்பாடு. மூன்று வாரம் காத்திருப்பதற்கும், இடையில் வரைந்து வைப்பதற்கும் காரணம் இதுதான்.

பழைய படங்களை இப்போது வரிசையாக ஒட்டுங்கள். முதல் வாரத்தில் இருட்டு நாற்றுக்கு உயரம் எங்கிருந்து வந்தது? முளைத்த பயறு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டுங்கள். முளை கிளம்பிய புதிதில் பயறின் இரண்டு பாதிகளும் கொழுகொழுவென்று இருக்கும். ஒரு வாரத்தில் சுருங்கி, தோல் மாதிரி வற்றிப்போய், தொட்டாலே உதிரும். விதைக்குள் கட்டிக்கொடுத்த சோறு அது. அது தீரும்வரை வளர்ந்தது. தீர்ந்த பிறகு வெளிச்சத்தில் இருந்தது தானே சாப்பாடு செய்துகொண்டது, இருட்டில் இருந்ததால் அது முடியவில்லை.

இப்போது கறுப்புத் தாள் சுற்றிய இலையைப் பிரித்துக் காட்டுங்கள். மூடியிருந்த இடம் சுற்றியுள்ள பகுதியை விட வெளிறியிருக்கும். வெளிச்சத்துக்கும் பச்சை நிறத்துக்கும் தொடர்பு இருப்பது கண்ணுக்கே தெரியும்.

இதற்குப் பிறகுதான் விளக்கம். இலையின் பச்சை நிறத்துக்குப் பச்சையம் என்று பெயர். வேர் தண்ணீரை அனுப்புகிறது. இலையில் இருக்கும் மிக நுண்ணிய துளைகள் வழியாகக் கரியமில வாயு உள்ளே வருகிறது. வெயிலின் ஆற்றலைப் பச்சையம் பிடித்து, இந்த இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது. மீதமாகும் ஆக்சிஜன் வெளியே போகிறது. ஐந்து வாக்கியம் போதும். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம், சிறியவர்களுக்கு இப்போது வேண்டாம்.

"காத்துலேர்ந்தா சாப்பாடு வருது?" என்று நம்பாமல் பார்ப்பார்கள். அப்போது ஒரு கதை சொல்லலாம். வான் ஹெல்மான்ட் என்ற பழைய கால அறிவியலாளர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் ஏறத்தாழ 74 கிலோ கூடியிருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால், மண்ணில் குறைந்திருந்த எடை 60 கிராம்கூட இல்லை. மண்ணைத் தின்றிருந்தால் தொட்டியில் பெரிய பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே! எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் அவரையே திருத்தும் இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதில் அவர்களுக்குத் தனிப் பெருமை.

அடுத்து உரம். "உரம்தான் செடிக்குச் சாப்பாடு" என்று நாமே பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம், கவனம். பலகையின் ஓரத்தில் உப்பு வைத்த கட்டத்துக்குப் போங்கள். மண்ணிலிருந்து வரும் சத்து அந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. கொஞ்சமாகத் தேவை, இல்லாவிட்டால் செடி நலியும், ஆனால் பசி ஆற்றாது. பஞ்சில் வளர்ந்த நாற்றும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்காது என்பதற்கு இந்தச் சத்துக் குறைவு ஒரு காரணம். இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

செடி ஆக்சிஜன் விடுவதைக் காட்ட விரும்பினால், நீர்த்தாவரம் ஒன்றைத் தண்ணீர்க் கண்ணாடிக் குவளையில் போட்டு வெயிலில் வையுங்கள். குமிழி கிளம்பும். பக்கத்தில் செடி இல்லாத தண்ணீர்க் குவளை ஒன்றும் இருக்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் சூடாகும் வெறும் தண்ணீரிலும் குவளைச் சுவரில் குமிழி ஒட்டும். ஒப்பிட்டால்தான் நேர்மை. அயோடின் விட்டு இலையில் மாவுச்சத்து காட்டும் சோதனைக்குச் சூடான ஆல்கஹால் வேண்டும், அது எளிதில் தீப்பிடிக்கும். இந்த வயதுக்கு அது தேவையே இல்லை.

4. இப்போது பெயர் சூட்டுங்கள்

தானே உணவு ஆக்கிக்கொள்பவை, பிறவற்றை உண்டு வாழ்பவை என்ற இரண்டு கூட்டம் பிள்ளைகள் மனதில் பிரிந்துவிட்டது. இனி உற்பத்தியாளர், நுகர்வோர் என்று சொல்லலாம்.

இந்தச் சொற்கள் தமிழில் இரண்டு சிக்கலைத் தருகின்றன. உற்பத்தியாளர் என்றதும் தொழிற்சாலைக்காரர் நினைவுக்கு வருகிறார். "-ஆளர்", "-ஓர்" என்று முடிவதெல்லாம் ஆட்களைத்தானே குறிக்கும்? விவசாயியும் சமையல்காரரும் உற்பத்தியாளர்கள் என்று பிள்ளைகள் எழுதுவது இதனால்தான். விவசாயி நெல்லை விளைவிக்கிறார், ஆனால் தன் உடம்புக்குள் உணவை ஆக்கிக்கொள்வதில்லை, அவரும் பசித்தால் சாப்பிட வேண்டும் என்று ஒரு வரியில் பிரித்துக் காட்டுங்கள்.

நுகர்வோரில் இருப்பது வேறு சிக்கல். ஐம்புலன் பாடத்தில் "மூக்கால் நுகர்கிறோம்" என்று படித்திருப்பார்கள். ஒரு சிறுமி என்னிடம், "மாடு புல்லை மோந்து பாக்குறதாலயா நுகர்வோர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நுகர்தல் என்றால் மணத்தை அறிவது மட்டும் இல்லை, எடுத்து அனுபவிப்பதும் நுகர்தல்தான் என்று அன்றே சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் தங்காது.

சூரியனை உற்பத்தியாளர் வரிசையில் சேர்ப்பதும் வழக்கமான தவறு. சூரியன் உயிரி இல்லை. அது ஆற்றல் தருகிறது, உணவு ஆக்குவது செடி.

5. வெளியே போய்த் தேடுங்கள்

செடிகள் உள்ள எந்த இடமும் போதும். மூன்றைத் தேடச் சொல்லுங்கள்: கடிபட்ட இலை, கடித்தவர், கடித்தவரைத் தின்ன வருபவர். இலையின் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டியிருந்தால் புழுவோ வெட்டுக்கிளியோ தின்றிருக்கலாம். அடியில் மிளகு தூவியது போலக் கிடந்தால் அது புழுவின் எச்சம், மேலே நிமிர்ந்து பார்த்தால் புழு கிடைக்கலாம். தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள், சில கம்பளிப்புழுக்களின் ரோமம் அரிக்கும்.

6. அம்புக்குறி: நான்காம் வேற்றுமை உதவும்

உணவுச் சங்கிலி வரையச் சொன்னால் பாதிப் பேர் அம்பைத் திருப்பிப் போடுவார்கள். தவளையிலிருந்து வெட்டுக்கிளியை நோக்கி அம்பு போகும். இதுவும் மொழியால் வருவது. "தவளை வெட்டுக்கிளியைத் தின்றது" என்று சொல்லும்போது தவளை முதலில் நிற்கிறது, பாய்வதும் அதுதான். அதே வரிசையில் கை வரைந்துவிடுகிறது.

"தின்றது" என்ற சொல்லையே இந்தப் படியில் விலக்கி வையுங்கள். அதற்குப் பதிலாக "-க்கு" போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: புல் வெட்டுக்கிளிக்கு, வெட்டுக்கிளி தவளைக்கு, தவளை பாம்புக்கு, பாம்பு கழுகுக்கு. "-க்கு" வரும் பக்கம் அம்பின் முனை. பந்தி பரிமாறுவது போல, உணவு யாருக்குப் போகிறதோ அவரைப் பார்த்து அம்பு. பாட்டு மாதிரி நாலு முறை சொன்னால் தவறு நின்றுவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு எனக்குப் பாதி வேலை குறைந்தது.

"பெரியது சின்னதைத் தின்னும்" என்ற விதியையும் பிள்ளைகள் தாங்களாகவே உருவாக்கிக்கொள்வார்கள். யானையையும் நீலத் திமிங்கிலத்தையும் காட்டுங்கள். ஒன்று புல்லும் இலையும் தின்கிறது, மற்றொன்று விரலளவே இருக்கும் கிரில் என்னும் கடலுயிரியைக் கூட்டம் கூட்டமாக வடிகட்டி விழுங்குகிறது.

7. தண்ணீர் ஊற்றும் விளையாட்டு

இது எட்டு வயதுக்கு மேல். இங்கே தண்ணீர்தான் ஆற்றல். ஒரு லிட்டர் தண்ணீர் புல்லிடம். வெட்டுக்கிளிக்கு 100 மில்லி ஊற்றுங்கள். தவளைக்கு அதிலிருந்து 10 மில்லி, அதாவது இரண்டு சிறு கரண்டி. பாம்புக்கு 1 மில்லி, சொட்டாக எண்ணினால் ஏறக்குறைய இருபது. பாம்பு அட்டை வைத்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

மீதியை எல்லாம் ஒரு வாளியில் ஊற்றி, அது எங்கே போனது என்று கேளுங்கள். குதித்ததில், மூச்சு விட்டதில், உடல் சூட்டில், தின்னாமல் விட்டதில், கழிவில். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போகிறது என்பது தோராயமான கணக்கு. உயிரினத்துக்கு உயிரினம் கூடும், குறையும். காட்டில் புலிகள் சிலவாகவும் மான்கள் பலவாகவும் இருப்பதற்குக் காரணம் கேட்டால், இதற்குப் பிறகு பிள்ளைகளே சொல்வார்கள்.

8. நூல் வலை

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், நூல் சிக்கிப் பாடம் கலைந்துவிடும். ஆளுக்கு ஓர் அட்டை. "நான் யாருக்குப் போவேன்?" என்று சொல்லி நூல்கண்டை அவரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் பலருக்கும் கொடுக்கலாம். வலை இறுகிய பிறகு ஒருவரை மட்டும் நூலை விடச் சொல்லுங்கள். யார் யார் கையில் நூல் தளர்ந்தது?

இங்கே பிள்ளைகள் ஒரு திசையை மட்டும் பார்ப்பார்கள்: வெட்டுக்கிளி போனால் தவளைக்குப் பட்டினி. புல் என்ன ஆகும் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கடல்நீர்நாய்க் கதை இதற்குப் பொருத்தம். வட பசிபிக் கரையோரம் ரோமத்துக்காக அவற்றை வேட்டையாடித் தீர்த்தபோது, அவை தின்றுவந்த கடல் முள்ளெலிகள் (முள் போர்த்திய சிறு கடலுயிர்கள்) பெருகின. முள்ளெலிகள் கடலடியில் காடுபோல் வளரும் கெல்ப் பாசிகளைத் தின்று பல இடங்களை மொட்டையாக்கின. உச்சியில் இருந்த ஒன்று போனதால் அடியில் இருந்த பாசி அழிந்தது.

9. சிதைப்பவை

இதை விட்டுவிட்டுப் பாடத்தை முடிப்பவர்கள் நிறையப் பேர். கழுகும் செத்தால் அதன் உடலை மட்கச் செய்பவை எவை? ஒரு பழத் துண்டை ஒளி ஊடுருவும் பையில் போட்டு இறுகக் கட்டி, பூஞ்சை வளர்வதைத் தினமும் பார்க்கட்டும். பையைத் திறக்கக் கூடாது, பூஞ்சை வித்துகள் சிலருக்கு ஒவ்வாமை தரும். முடிந்ததும் திறக்காமலே குப்பையில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது படியில் கேள்விக்குறி போட்டு வைத்த காளான் நினைவிருக்கிறதா? அதற்குப் பச்சையம் இல்லை. மட்கும் பொருளிலிருந்து உணவை உறிஞ்சிக்கொள்கிறது. பிள்ளைகளையே அந்தக் கேள்விக்குறியை அழித்துச் சரியான இடத்தில் எழுதச் சொல்லுங்கள்.

10. வந்தே தீரும் கேள்விகள்

"பூச்சி தின்னும் செடி?" அது உற்பத்தியாளர்தான். பச்சையம் வைத்து உணவு ஆக்குகிறது. சத்தில்லாத மண்ணில் வளர்வதால் நைட்ரஜனுக்காகப் பூச்சி பிடிக்கிறது. உப்புக் கட்டம்தான் மறுபடி.

"வெயிலே போகாத ஆழ்கடலில்?" மேலிருந்து விழும் எச்சங்களை நம்பி வாழ்பவை நிறைய. கடலடி வெந்நீர் ஊற்றுகளிலோ, வெளிவரும் வேதிப்பொருள்களின் ஆற்றலை வைத்தே பாக்டீரியாக்கள் உணவு ஆக்குகின்றன. 1977இல் பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகள் அருகே இந்த ஊற்றுகளைக் கண்டார்கள். அங்கே வாழும் பெரிய குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. இதைக் கேட்டுப் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்.

11. புரிந்ததா என்று பார்க்க

வரையறை கேட்காதீர்கள். பாடத்தில் வராத ஓர் உயிரினத்தின் அட்டையைக் கொடுங்கள். பனிக்கரடி நல்லது. "வெயில் இதன் வயிற்றுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது?" என்று ஒரே கேள்வி.

"வெயிலில் படுத்ததால்" என்று வந்தால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். "சீல் என்ற கடல் விலங்கைத் தின்னும்" என்று நின்றுவிட்டால், சீலுக்கு யார், மீனுக்கு யார் என்று "-க்கு" போட்டுப் பின்னோக்கி நடத்திச் செல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வரை போய், "அதுதான் வெயிலைப் பிடிச்சது" என்று பிள்ளை சொன்னால் சரி. ஒரு மாதம் கழித்து வேறோர் அட்டையோடு இதையே ஒருமுறை கேளுங்கள். "மண்" என்ற பதில் திரும்பி வந்திருந்தால் பயறு விதையை மறுபடி எடுங்கள்.